பேஸ் கிடாரும் சின்ன வாடிக்கையாளரும்



பருப்பு விலை, எண்ணெய் விலை, ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை என்று பேச வேண்டிய நம் இதழில் பேஸ் கிடார் என்னும் மேல்நாட்டு இசைக்கருவிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. இந்தக் கருவியை உலகமெங்கும் கொண்டு சேர்த்தவர் இசைக்கலைஞர் அல்லர். கணக்கு எழுதிக்கொண்டிருந்து, வேலை போனபின் 600 டாலர் கடன் வாங்கிக் கடை திறந்தவர். அவர் கடையில் பிறந்த கருவி பெயர் வாங்கியதும், பிறகு பெயர் கெட்டதும், மறுபடி நிமிர்ந்ததும் ஒரே காரணத்தால்தான். கையில் கொஞ்சம் பணத்துடன், சரக்கைப் பற்றி அதிகம் தெரியாமல், கடை வாசலில் தயங்கி நிற்கும் சின்ன வாடிக்கையாளரை யார் மதித்தார்கள், யார் மதிக்கவில்லை என்பதே அந்தக் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் சங்கத்து உறுப்பினர் வீடுகளில் இப்போது பிள்ளைகள் கிடார், கீபோர்டு, டிரம்ஸ் என்று ஆசைப்படுகிறார்கள். "இதெல்லாம் தேவையா? வாங்கிக் கொடுத்தால் எவ்வளவு ஆகும்? ஏமாறாமல் வாங்குவது எப்படி?" என்று கூட்டத்திற்கு வரும் நண்பர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நமது பேரன் இரண்டு ஆண்டுகளாகப் பேஸ் கிடார் பழகி வருவதால், விரும்பியோ விரும்பாமலோ நமக்கும் இது கொஞ்சம் தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறோம்.

கருவி எப்படிப்பட்டது?

சாதாரண கிடாருக்கு 6 தந்திகள். பேஸ் கிடாருக்குப் பெரும்பாலும் 4 தந்திகள்தான். ஆனால் அவை தடித்தவை, நீளமானவை. தந்தி அதிரும் நீளம் வழக்கமாக 34 அங்குலம். கிடாரின் அடி நான்கு தந்திகளுக்கு உள்ள அதே சுரங்கள்தான் இதற்கும், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. உடல் பகுதி கெட்டி மரம். வீணைக் குடம்போல் உள்ளே வெற்றிடம் கிடையாது. தந்திக்குக் கீழே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட 'பிக்கப்' என்னும் பாகம் இருக்கும். தந்தியின் அதிர்வை அது மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது.

இதன் வேலை, தாளத்தையும் ராகத்தையும் சேர்த்துக் கட்டுவது. கைபேசியில் பாட்டுக் கேட்டால் பேஸ் கிடார் காதில் விழுவதே அரிது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. அதே பாட்டை டவுன் பஸ்ஸில் பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் நெஞ்சுக்குழியில் ஒரு அதிர்வு வருமே, அது பெரும்பாலும் இந்தக் கருவியின் வேலைதான். இளையராஜா இசையில் நாம் கேட்டு வளர்ந்த பல பாடல்களுக்குப் பேஸ் கிடார் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரகுமான் பாடல்கள் பலவற்றுக்கு வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். பாடகர் பெயர் நமக்குத் தெரியும். இவர்கள் பெயர் பலருக்குத் தெரியாது. மொத்த வியாபாரியின் பெயர் சில்லறைக் கடையில் சாமான் வாங்குபவருக்குத் தெரியாதது மாதிரிதான்.

கணக்குப்பிள்ளை வைத்த கடை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் புல்லர்ட்டன் என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் 1909-ஆம் ஆண்டு பிறந்தவர் லியோ ஃபெண்டர். சிறு வயதிலேயே ஒரு கண் போய், கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டவர். படித்தது கணக்கு. ஓய்வு நேரத்தில் ரேடியோவைப் பிரித்து மாட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. பொருளாதார மந்தக் காலத்தில் கணக்கு எழுதும் வேலை போயிற்று. 1938-ஆம் ஆண்டு 600 டாலர் கடன் வாங்கி, சொந்த ஊரிலேயே ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தார்.

கடை என்றால் எல்லாம் கலந்த கடை. ரேடியோ பழுது பார்ப்பார், இசைத்தட்டு விற்பார், கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுவார். அந்த வட்டாரத்தில் நடன விடுதிகளில் வாசிக்கும் இசைக்காரர்கள் கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயர்களை அவரிடம் கொண்டு வருவார்கள். பழுது பார்க்கும் கடைக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் பொருள் எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பது அங்கே தினமும் தெரிந்துபோகும். லியோவுக்குக் கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிப்பவர் என்ன குறை சொல்கிறார் என்று கேட்கத் தெரிந்தது.

தூக்க முடியாத வாத்தியம்

அந்தக் காலத்தில் தாழ்ந்த ஒலிக்கு இருந்த வாத்தியம் டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய வயலின் போன்றது. அதைக் காரில் ஏற்றுவதே ஒரு பாடு. மின்சாரக் கிடாரும் டிரம்ஸும் முழங்கும் இடத்தில் அதன் ஒலி எடுபடாது. அதன் கழுத்தில் வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் கிடையாது. விரலை ஒரு நூல் தள்ளி வைத்தாலும் சுருதி பிசகிவிடும். பல ஆண்டு பழகியவர்தான் வாசிக்க முடியும்.

தூக்கவும் முடியவில்லை, கேட்கவும் இல்லை, பழகவும் கடினம் என்ற இந்த மூன்று குறைகளுக்கும் சேர்த்து லியோ கண்ட மருந்துதான் 1951-ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரிசிஷன் பேஸ்'. கெட்டி மரத்தில், கிடார் போலத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி. கழுத்தில் 20 மெட்டுகள். மெட்டுக்குப் பின்னால் விரலை அழுத்தினால் சுருதி துல்லியமாக நிற்கும். அந்தத் துல்லியத்தைத்தான் ஆங்கிலப் பெயர் சொல்கிறது. கிடார் வாசிக்கத் தெரிந்தவர் சில நாளில் இதற்கு மாறிக்கொள்ளலாம்.

இந்த யோசனையில் முந்தியவர் லியோ அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1936 வாக்கிலேயே சியாட்டில் நகரத்தில் பால் டுட்மார்க் என்னும் இசை ஆசிரியர் மெட்டு வைத்த மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை. லியோ கருவியை மட்டும் விற்கவில்லை. அதன் தாழ்ந்த ஒலியைத் தாங்குவதற்கென்றே 15 அங்குல ஸ்பீக்கருடன் 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிஃபயரை 1952-ஆம் ஆண்டு கொண்டு வந்தார். அரிசி விற்பவன் சாக்கும் கொடுத்தால்தானே வாங்குபவன் தூக்கிக்கொண்டு போக முடியும்?

இன்னொரு செய்தியும் நம் கவனத்துக்குரியது. கருவியின் கழுத்தை உடலோடு ஒட்டாமல் 4 திருகாணிகளால் பூட்டினார். கழுத்து வளைந்தாலோ உடைந்தாலோ கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். பழைய கைவினைஞர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பழுது பார்த்துப் பிழைத்தவருக்கோ, விற்ற பொருள் நாளைக்குத் திரும்பி வரும் என்பது தெரியும். புது மாதிரி செய்ததும் இசைக்காரர்களிடம் கொடுத்து விடுதிகளில் வாசிக்கச் சொல்வார். அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டு மாற்றுவார்.

லண்டனிலும் இதேபோல் ஒரு கடைக்காரர் இருந்தார். ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் விற்றுவந்த ஜிம் மார்ஷல். கடைக்கு வந்த இளைஞர்கள் தங்களுக்கு வேண்டிய ஒலி தரும் ஆம்ப்ளிஃபயர் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டார்கள். மார்ஷலும் அவர் கடைப் பழுதுபார்ப்பவரும் ஃபெண்டரின் பேஸ்மேன் சுற்றமைப்பை மாதிரியாக வைத்து 1962-ஆம் ஆண்டு ஒன்றைச் செய்தார்கள். மார்ஷல் என்ற பெயரை இன்று உலகத்து மேடைகளிலெல்லாம் காணலாம். குறை சொல்லும் இளைஞர்களை "வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் போ" என்று அனுப்பியிருந்தால் அந்தப் பெயரே பிறந்திராது.

30 பவுண்டு வாடிக்கையாளர்

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1961-ஆம் ஆண்டு அவர்கள் பெயர் தெரியாத பையன்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுக நகரத்து விடுதிகளில் இரவு முழுவதும் வாசித்துப் பிழைத்தார்கள். குழுவில் பேஸ் வாசித்தவர் விலகிக்கொண்டார். வேறு யாரும் அந்த வேலைக்கு ஆசைப்படாததால் அது பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது.

ஃபெண்டர் பேஸ் அப்போது ஏறத்தாழ 100 பவுண்டு. கடன்பட்டுப் பொருள் வாங்காதே என்று தகப்பனார் சொல்லி வளர்த்த பிள்ளை அவர். ஆகவே கையிலிருந்த காசுக்குத் தக்கபடி, ஹாம்பர்க் கடை ஒன்றில் ஏறத்தாழ 30 பவுண்டுக்கு ஹோஃப்னர் என்ற ஜெர்மன் கம்பெனியின் வயலின் வடிவப் பேஸ் ஒன்றை வாங்கினார். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். இரு பக்கமும் ஒரே வடிவமாக இருந்ததால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

அந்த 30 பவுண்டுக் கருவி ஹோஃப்னருக்குத் தேடித்தந்த பெயரை எந்த விளம்பரத்தாலும் தேட முடியாது. மெக்கார்ட்னி வாசித்ததைப் பார்த்து ஆயிரமாயிரம் பேர் அதே மாதிரியைக் கேட்டு வாங்கினார்கள். 1972-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வேனிலிருந்து அது திருட்டுப்போய், 50 ஆண்டுக்கு மேல் கழித்துக் கிடைத்துவிட்டது என்று 2024-ஆம் ஆண்டு செய்தி வந்தபோது உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. கடைக்குள் நுழையும் 30 பவுண்டு வாடிக்கையாளர்களில் யார் பிற்காலத்தில் யாராக வருவார் என்று எந்தக் கடைக்காரருக்குத் தெரியும்?

கைமாறியதும் வந்த கேடு

லியோவுக்கு உடல்நலம் குன்றியது. 1965-ஆம் ஆண்டு ஜனவரியில் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டர் கம்பெனியை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ்.ஸுக்கு விற்றார். பெரிய நிறுவனம், பெரிய முதல். உற்பத்தி கூடியது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லத் தரம் இறங்கியதாக வாசிப்பவர்கள் உணர்ந்தார்கள். சந்தை தன் தீர்ப்பைத் தானே எழுதியது. பழைய கருவி விற்கும் இடங்களில் 'சி.பி.எஸ்.ஸுக்கு முந்தியது' என்று சொன்னாலே விலை ஏறும் நிலை வந்தது. ஒரே பெயர், ஒரே வடிவம், ஆனால் எந்த ஆண்டுச் சரக்கு என்று கேட்டு விலை பேசினார்கள். ஒரு வியாபாரப் பெயருக்கு இதைவிடத் தலைக்குனிவு கிடையாது.

அந்த இடைவெளியில் ஜப்பான் நாட்டுத் தொழிற்சாலைகள் புகுந்தன. அதே வடிவத்தில், குறைந்த விலையில், ஒழுங்கான வேலைப்பாட்டுடன் செய்து அனுப்பின. புதிதாகப் பழகும் பிள்ளைகள் அவற்றை வாங்கினார்கள். சின்ன வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு கூச்சல் போடுவதில்லை. பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார், அவ்வளவுதான்.

கடைசியில் ஃபெண்டர் கம்பெனியே இறங்கி வந்தது. 1982-ஆம் ஆண்டு ஜப்பானிலேயே செய்து, 'ஸ்கொயர்' என்ற பெயரில் விலை குறைந்த கருவிகளை விற்கத் தொடங்கியது. 1985-ஆம் ஆண்டு, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களும் சில முதலீட்டாளர்களும் சேர்ந்து 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு அதை சி.பி.எஸ்.ஸிடமிருந்து வாங்கினார்கள். இருபது ஆண்டு வைத்திருந்து, வாங்கிய விலைக்கும் குறைவாக விற்ற கணக்கு இது! தொழிற்சாலைக் கட்டடம்கூட அந்த விற்பனையில் சேரவில்லை. கொரோனா என்ற வேறு ஊரில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அதுவரை அவர்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் ஜப்பானில் செய்த சரக்குதான். 1991-ஆம் ஆண்டு காலமான லியோவோ, நடுவில் வேறு இரண்டு கம்பெனிகளில் சேர்ந்து கடைசிவரை கருவி செய்துகொண்டுதான் இருந்தார்.

இரண்டு கடைகள், ஒரு பையன்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். நமது பேரன் கல்லூரி விடுமுறையில் மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதியதற்கு நாம் கொடுத்த சம்பளத்தைச் சேர்த்து வைத்து, 14,000 ரூபாயுடன் ஒரு பெரிய நகரத்துக் கடைக்குப் போனான். கடையின் பெயர் வேண்டாம். விற்பனையாளர் ஒரு பேஸ் கிடாரையும், கூடவே சாதாரண கிடாருக்கான சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் தலையில் கட்டி, "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

தந்திகள் மெட்டுக்கு மேலே மிக உயரத்தில் நின்றன. அழுத்தி அழுத்தி விரல் நுனி கொப்பளித்துவிட்டது. ஒலி போதவில்லை என்று ஆம்ப்ளிஃபயரைத் திருகித் திருகி வைத்ததில், தாழ்ந்த ஒலியைத் தாங்காமல் மூன்றாம் மாதம் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்தது. கடைக்குக் கொண்டுபோனால், விற்ற பொருள் வாபஸ் இல்லை என்ற பலகையைக் கை காட்டினார்கள். பையன் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "எனக்கு இது வராது தாத்தா, கை ஒத்துழைக்க மாட்டேங்குது" என்றான். முதல் போனதைவிட அந்தச் சொல்தான் நமக்குக் கஷ்டமாக இருந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை தன் கையைத் தானே குறை சொல்கிறானே!

பக்கத்து ஊரில் வாத்தியம் பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. பத்துக்குப் பத்து இடம். தவிலுக்குத் தோல் மாற்றுவதிலிருந்து ஆர்மோனியம் வரை எல்லாம் செய்வார். அவரிடம் கொண்டுபோனோம். கருவியை வாங்கிக் கழுத்து நெடுகப் பார்வையை ஓடவிட்டார். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவியால் கால் சுற்று திருப்பினார். தந்தி தாங்கிகளைக் கீழே இறக்கினார். அரை மணி நேர வேலை. கூலி 300 ரூபாய். "விரல்ல ஒரு குறையும் இல்ல தம்பி, தந்தி நின்ன உசரத்துலதான் குறை" என்றார். ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்து அவர் விற்றிருக்கலாம். "இப்ப வேண்டாம். ஹெட்போன்ல கேட்டுப் பழகு, மேடை ஏறும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு தந்தி, வயர், தோள்வார், பை எல்லாம் பேரன் அந்தக் கடையில்தான் வாங்குகிறான். கூட்டாளிகள் நாலைந்து பேரையும் அழைத்துப் போனான். சென்ற ஆண்டு ஆம்ப்ளிஃபயரும் அங்கேதான் வாங்கினான். கைபேசியில் பார்த்தால் அதே பொருள் சில நூறு ரூபாய் குறைவு. நாம் அதைச் சுட்டிக்காட்டியதற்கு, "பெட்டியில வர்றவன் தந்திய இறக்கித் தருவானா தாத்தா?" என்று கேட்டான். நமக்குப் பதில் இல்லை.

வாங்குவோர் கவனத்திற்கு

பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள்:

முதலாவது, கழுத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து நீளவாக்கில் பாருங்கள். தராசுத் தண்டைப் பார்ப்பது போலத்தான். மிக லேசான குழிவு இருக்கலாம். முறுக்கு இருக்கக் கூடாது.

இரண்டாவது, கழுத்தின் நடுப்பகுதியில் 12-ஆம் மெட்டில் தடித்த தந்தி ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது பழகுவோருக்குச் சுகம். அதிகமாக இருந்தால், வாங்குமுன்பே கடைக்காரரைச் சரி செய்து தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது இரைச்சலோ செத்த ஒலியோ வந்தால் வேறு கேளுங்கள். குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வரக் கூடாது.

நான்காவது, எடை. சாதாரணமாக 4 கிலோ அளவில் இருக்கும். தோளில் மாட்டி ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். சிறு பிள்ளை என்றால் 30 அங்குலக் குட்டை அளவும் கிடைக்கும்.

ஐந்தாவது, வீட்டில் பழக ஹெட்போன் வசதி போதும். ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் பேஸுக்கென்று செய்தது வாங்க வேண்டும். கிடார் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டி வாசித்தால் ஸ்பீக்கர் போய்விடும்.

ஆறாவது, பிறர் பழகிவிட்டுப் போட்ட கருவி நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கெட்டி மரக் கருவி எளிதில் கெடாது. வட்டிக்கு வாங்கி விலை உயர்ந்ததை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பழகுவது எப்படி?

இந்தக் கருவியில் ஒரு நன்மை, தொடங்கியவனையும் சீக்கிரமே கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். பாட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய அடிச்சுரத்தை மட்டும் தாளம் தவறாமல் வாசித்தாலே குழுவுக்கு உதவியாகிவிடும். கடினம் எங்கே என்றால், தாளத்தில்தான். வேகமாக வாசிப்பவன் கிடைப்பான். ஒரே நடையில் ஐந்து நிமிடம் நிற்பவன் கிடைப்பது அரிது.

நமது பேரன் செய்வதைப் பார்த்துச் சொல்கிறோம். நாள்தோறும் 20 நிமிடம். முதலில் சுருதி சேர்ப்பு. பிறகு, நிமிடத்திற்கு 60 தட்டு வைத்து மெட்ரோனோமுடன் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம். வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். வாசிக்காத தந்திகளை மற்ற விரல்களால் அமர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து முனகும். கடைசியில் தெரிந்த ஒரு பாட்டை ஹெட்போனில் கேட்டு, அதிலுள்ள பேஸை மட்டும் பிரித்தெடுத்து வாசிப்பது. முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது. வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட இதுவே பலன் தருகிறது. கடையைத் தினமும் திறப்பவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முறையாகப் படிக்க விரும்புவோருக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளில் பேஸ் கிடாருக்கும் படிப்படியான நிலைகள் உண்டு.

தந்தி புதிதா பழையதா என்று கவலைப்படுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் பேஸ் ஒன்றையே பெரும்பாலும் வாசித்தார். தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். வலக்கையில் ஒற்றைச் சுட்டுவிரலால்தான் மீட்டினார். அவர் வாசிப்பு உலகமெங்கும் ஒலித்தும், 1971-ஆம் ஆண்டுவரை மோடவுன் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் அச்சாகவில்லை. இன்று பேஸ் பழகும் பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டியவர் என்று ஆசிரியர்கள் சொல்வது அவர் பெயரைத்தான்.

வயதாகிவிட்டதே, இனி என்ன கற்பது என்று நினைப்பவர்களுக்கு கேரல் கேயைச் சொல்லலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிப்பதிவுகளுக்குக் கிடார் வாசித்துக் குடும்பம் நடத்திய பெண்மணி. 1963-ஆம் ஆண்டு ஒருநாள் பேஸ் வாசிப்பவர் வராததால் இவர் கையில் அதைக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 28. அன்று தொட்ட கருவியிலேயே பெயர் பெற்றார். 1969-ஆம் ஆண்டு பழகுவோருக்கென்று பாடநூலும் எழுதி வெளியிட்டார்.

கடையை அடைத்துவிட்டு இரவு 10 மணிக்கு வீடு வரும் பையனுக்கு இது ஒரு 20 நிமிட ஆறுதல். வாசிக்கக் கற்றுக்கொண்டால் கடையை விட்டுவிடுவான் என்று அஞ்சும் தகப்பன்மார்களுக்கு நாம் சொல்வது இதுதான்: கடையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று ஆக்கினால்தான் பிள்ளைகள் கடையை வெறுக்கிறார்கள். நமது பேரன் இந்த விடுமுறையிலும் மண்டிக்குத்தான் வந்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வணிகப் பெருமக்களே! பெரிய அங்காடிகளும், கைபேசியில் ஆர்டர் எடுப்பவர்களும் நம்மைவிட விலை குறைத்துக் கொடுப்பார்கள். அதில் நாம் போட்டி போடுவது கடினம். பத்துக்குப் பத்து இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பழுதுபார்ப்பவர் நமக்கு வேறு வழி காட்டுகிறார். வந்தவனின் குறையைக் கேட்டார். தேவையில்லாததை விற்கவில்லை. விற்ற பின்னும் பொறுப்பை விடவில்லை. லியோ ஃபெண்டரும் ரேடியோ கடையில் செய்தது அவ்வளவுதான்.

நம் கடைக்கும் தினமும் அப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள். புதிதாகத் தனிக்குடித்தனம் வந்து, சாம்பாருக்கு எந்தப் பருப்பு என்று தெரியாமல் நிற்கும் பெண் வருவாள். 10 ரூபாய்க்குச் சீரகம் கேட்டுக் காசைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி சிறுவன் வருவான். முதன்முதலாகப் பெட்டிக்கடை வைத்து, எதை எவ்வளவு எடுப்பது என்று புரியாமல் மொத்தக் கடை வாசலில் ஓர் இளைஞன் தயங்கி நிற்பான். பெரிய பில்லுக்காரர் வந்துவிட்டால் இவர்களை ஓரமாக நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட வேண்டும். அந்த இளைஞனுக்கு விற்காத சரக்கைத் தள்ளிவிடாமல், அவன் தெருவில் எது ஓடும் என்று கேட்டு, அரை மூட்டையாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் அவன் நம் கடைக்குத்தான் வருவான்.